மொட்டை மாடியில் தினம் பத்து நிமிஷம்: சென்னை வானத்தில் வெறும் கண்ணால் என்ன பார்க்கலாம்?

மூணாவது_மாடி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 24. துரைப்பாக்கத்துல மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கோம். ஆபீஸ் முடிஞ்சு வர எட்டரை, சாப்பாடு முடிஞ்சா ஒன்பது. அதுக்கப்புறம் கையில போன், நிமிர்ந்து பார்த்தா பன்னிரண்டு. நடுவுல திரை இல்லாம, பெருசா காசு இல்லாம, பத்து நிமிஷம் மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது வேணும். ஜிம், கிட்டார் மாதிரி இலக்கு வச்சு ஓடுற எதுவும் வேண்டாம், அதுக்குத்தான் ஆபீஸ் இருக்கே. ஓனர் மாடிக் கதவைப் பத்து மணிக்குத்தான் பூட்டுவார், அதனால வானம் பார்க்கலாம்னு யோசனை.

இந்த வெளிச்சத்துல வெறும் கண்ணுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா? எதுல ஆரம்பிக்கலாம்? ஆப் திறந்தா வானம் முழுக்கப் பெயரா எழுதி வச்சிருக்கு, நிமிர்ந்து பார்த்தா நாலு புள்ளிதான் இருக்கு. பைனாகுலர் வாங்கினா பிரயோஜனப்படுமா, இல்ல அலமாரியில தூங்குமா?

தினத்தாள்:

ஆப், பைனாகுலர் எல்லாம் பிறகு. முதலில் வேண்டியது தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். ஜனவரியில் நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் சும்மாவே தருவார்கள். ராகுகாலம், எமகண்டத்துக்குப் பக்கத்திலேயே திதி, நட்சத்திரம் என்று இரண்டு வரி இருக்கும். நிலவு இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வானத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்த இரண்டு வரியே சொல்லிவிடும். ஜோதிடத்தை நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. நமக்கு அது ஒரு வான அட்டவணை.

திதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை விட்டு நிலவு 12 டிகிரி விலகினால் ஒரு திதி. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், வளர்பிறைத் திதியின் எண்ணை 48 நிமிடத்தால் பெருக்கினால், சூரியன் மறைந்த பிறகு நிலவு ஏறக்குறைய எவ்வளவு நேரம் மேலே இருக்கும் என்று வந்துவிடும். சதுர்த்தி என்றால் 4 × 48 = 192 நிமிடம். ஆறரைக்கு அஸ்தமனம் என்றால் ஒன்பதே முக்காலுக்கு நிலவு மேற்கே இறங்கிவிடும். நீங்கள் ஒன்பது மணிக்கு ஏறுவதால் சதுர்த்தியன்று மேற்குக் கட்டடங்கள் மறைத்துவிடும். பஞ்சமியிலிருந்து தாராளமாகத் தெரியும். பௌர்ணமிக்குப் பிறகு உதயம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்னால் போகும். ஆகவே தேய்பிறை துவிதியை வரை ஒன்பது மணிக்குக் கிழக்கே நிலவு இருக்கும், திருதியை அன்று கடலோரத்தில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருக்கும். மாதத்தில் பாதி இரவு உங்களுக்கு நிலவு, மீதிப் பாதி நட்சத்திரம். கணக்கு போதும்.

அடுத்தது நட்சத்திரம். வானத்தை ஒரு சுற்று சுற்றி வர நிலவுக்கு 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். அந்தப் பாதையை 27 பங்காக வெட்டியதுதான் அசுவினி முதல் ரேவதி வரை. ஒரு பங்கு 13 டிகிரி சொச்சம். தாளில் ரோகிணி என்று இருந்தால் நிலவு ரோகிணிப் பங்கில் நிற்கிறது, அதே பங்கில் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி நட்சத்திரமும் இருக்கிறது. நிமிர்ந்து சரிபார்க்க வேண்டியதுதான்.

அளவுகோல் உங்கள் கை. முழுக்க நீட்டிய கையில் மூடிய முஷ்டியின் அகலம் 10 டிகிரி, நடு மூன்று விரல் 5 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. முழங்கையை மடக்கினால் அளவு கெட்டுப்போகும், அதில் மட்டும் கவனம். நிலவு நாளுக்கு ஒரு முஷ்டியும் கொஞ்சமும் கிழக்கே நகரும். இன்று ஒன்பது மணிக்கு எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் என்று பார்த்துவிட்டு நாளை அதே நேரம் பார்த்தால், ஒரு முஷ்டி தள்ளி நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு அது தன் சொந்த அகலம் அளவு நகர்கிறது. கிட்டத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிற இரவில், துணி எடுக்க ஒரு தடவையும் தூங்கும் முன் ஒரு தடவையும் பார்த்தால் அந்த நகர்வே கண்ணுக்குப் பிடிபடும்.

இருபத்தேழையும் தேடாதீர்கள். பல நட்சத்திரங்கள் மங்கல், துரைப்பாக்கத்தில் தெரியாது. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்து போதும். பிரகாசமான தனி நட்சத்திரங்களில் நிலவு நேராகக் குறுக்கே போய் மறைக்கக்கூடியவை நான்குதான்: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. கார்த்திகைக் கூட்டத்தையும் சில வருடங்களில் மறைக்கும்.

திருவிழாக்களையும் இதோடு கோத்துக்கொள்ளலாம். திருக்கார்த்திகை முழுநிலவு கார்த்திகைக் கூட்டத்தை ஒட்டி, மாசி மகத்து நிலவு மகத்தை ஒட்டி, சித்ரா பௌர்ணமி நிலவு சித்திரையை ஒட்டி. அன்று கோயிலுக்குப் போகாவிட்டாலும் மாடிக்குப் போங்கள். முழுநிலவு கண்ணைக் கூசினால் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் தேடுங்கள், இல்லையென்றால் நட்சத்திரம் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். தைப்பூசத்துக்கு இது பலிக்காது. பூசத்தில் இருப்பதெல்லாம் மங்கல் நட்சத்திரம், பக்கத்தில் முழுநிலவும் நின்றால் ஒன்றும் தெரியாது.

கடற்காற்று:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா எங்க நின்னு பார்க்கிறோம்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

துரைப்பாக்கத்துல மேற்குப் பக்கம் ஓ.எம்.ஆர் சாலையோட வெளிச்சம். கிழக்கே கால்வாய், நீலாங்கரை, அதைத் தாண்டினா கடல். கடலுக்கு மேல தெருவிளக்கு இல்லை. அதனால கிழக்கும் தென்கிழக்கும்தான் உங்களுக்கு நல்ல திசை, மேற்கை நிலவுக்கும் வெள்ளிக்கும் மட்டும் வச்சுக்குங்க. மாடியில தண்ணித் தொட்டி இல்லன்னா படிக்கட்டு அறை, எது தெருவிளக்கை மறைக்குதோ அதோட நிழல்ல நில்லுங்க. வானம் எவ்வளவு வெளுத்திருக்குங்கிறதை விட, விளக்கு நேரா கண்ணுல விழுறதுதான் பெரிய கெடுதல். படிக்கட்டு டியூப்லைட்டை அணைச்சுட்டு ஏறுங்க.

கண் இருட்டுக்கு முழுசாப் பழக 20, 30 நிமிஷம் வேணும். நகரத்துல முழுசாப் பழகவே பழகாது, அதனால அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். அஞ்சு நிமிஷத்துலயே வித்தியாசம் தெரியும். நடுவுல ஒரு வாட்ஸ்அப் பார்த்தீங்கன்னா அந்த அஞ்சு நிமிஷம் போச்சு. போனைக் கீழே வச்சுட்டு வாங்க. ஆப் கட்டாயம் வேணும்னா ஸ்டெல்லேரியம் மாதிரி சிவப்புத் திரை இருக்கிறதைப் போட்டு, வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிக்குங்க. கைப்பிடிச்சுவர் கம்பி, இரும்புத் தொட்டி, டிஷ் ஆன்டெனா பக்கத்துல நின்னா போனோட திசைகாட்டி தப்பாக் காட்டும். மாடி நடுவுல வந்து, போனை எட்டு போடுற மாதிரி ரெண்டு சுத்து சுத்தினா சரியாகும். நாலு புள்ளிக்கு நானூறு பெயர் வர்றதுக்குக் காரணம், அது கிராமத்து இருட்டைக் காட்டுது. செட்டிங்ஸ்ல காட்டுற நட்சத்திர எண்ணிக்கையைக் குறைச்சு, பிரகாசமானது மட்டும் தெரியுற மாதிரி வச்சுக்கலாம்.

பவர் கண்ணாடி போடுறவங்க போட்டுக்கிட்டே பார்க்கணும். அரை பவர்தானேன்னு கழட்டி வச்சா நட்சத்திரம் பிசிறடிக்கும்.

கார்த்திகைக் கூட்டத்தை நேராப் பார்த்தா ஒரு வெண்புகைதான் தெரியும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்துல வச்சுட்டு ஓரக்கண்ணால கவனிச்சா அஞ்சாறு தனித்தனியாப் பிரியும். மங்கல் வெளிச்சத்தை வாங்குற செல்கள் விழித்திரையோட நடுவுல இல்லை, ஓரத்துலதான் இருக்கு.

அடிவானத்துக்குப் பக்கத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு மாத்தி மாத்தி மின்னுற ஒண்ணைப் பார்த்து ட்ரோன்னு நினைச்சுக்காதீங்க. ஜனவரியில தென்கிழக்கே அப்படி மின்னுனா அது சிரியஸ்ங்கிற நட்சத்திரம். தடிமனான காற்று வழியா வர்றதால நிறம் சிதறுது. மேலே ஏறினதும் அடங்கிடும். மின்னாம நிலையா எரியுதுன்னா பெரும்பாலும் கிரகம்.

கொசுவர்த்தியைக் காற்று வர்ற பக்கம் வைங்க. கீழே கிடக்கிற கேபிள் ஒயரை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வச்சுக்குங்க, அண்ணாந்து பார்த்துக்கிட்டே பின்னாடி நகர்றது மாடியில நல்லதில்லை.

மூணாவது_மாடி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தாள் மாட்டியாச்சு. ஒரு சந்தேகம். தாள்ல சுவாதின்னு போட்டிருக்கு. பிரகாசமா, ஆரஞ்சா இருக்கிற சுவாதியைக் கண்டுபிடிச்சுட்டேன். ஆனா நிலா அதுக்குப் பக்கத்துல இல்லவே இல்லை, தெற்கே எங்கேயோ தள்ளி நிக்குது. தாள் தப்பா, நான் தப்பா?

தினத்தாள்:

இரண்டும் சரி. பங்கு பிரித்தது கிழக்கு மேற்காக மட்டும்தான். ஆனால் சுவாதி நிலவுப் பாதைக்கு 30 டிகிரி வடக்கே இருக்கிறது, அதாவது மூன்று முஷ்டி. திருவோணமும் அதே மாதிரி மூன்று முஷ்டி வடக்கே. அந்த நாட்களில் நிலவு நட்சத்திரத்தோடு சேராது. திருவாதிரை எதிர்ப்பக்கம், நிலவுப் பாதைக்கு ஒன்றரை முஷ்டி தெற்கே. இதனால்தான் முதலிலேயே ஐந்து பெயரோடு நிறுத்தினேன்.

அந்த ஐந்திலும் கேட்டையில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பாகத் தெரியும் கேட்டை நட்சத்திரம் தன் பங்கின் எல்லைக்குச் சற்று முன்னாலேயே, அனுஷத்தின் கடைசியில் நிற்கிறது. தாளில் கேட்டை என்று போட்ட இரவில் நிலவு அதைத் தாண்டியிருக்கும். அனுஷம் முடிகிற நேரம் இரவில் வந்தால் அதுதான் நெருக்கம்.

இன்னும் இரண்டு காரணத்தால் தாளும் வானமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். முதலாவது, தாளில் 'மாலை 4.12 வரை ரோகிணி, பின்பு மிருகசீரிடம்' என்பது போல நேரம் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போனால் ஒரு பங்கு தவறும். இரண்டாவது, தாள் பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி போட்டதா, இன்றைய கணக்கில் வரும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி போட்டதா என்பது. இரண்டுக்கும் நட்சத்திரம் மாறும் நேரம் சில சமயம் சில மணி நேரம் கூட வேறுபடும். வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். நிலவுக்கு அந்த வித்தியாசம் சில டிகிரிதான், பரவாயில்லை. கிரகத்துக்கு வந்தால் தூக்கிவாரிப் போடும். கும்பத்திலிருந்து மீனத்துக்கான சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. வானத்தில் சனி ஒன்றுதான்.

குருவை, அதாவது வியாழன் கிரகத்தைக் கண்டுபிடிக்கவும் இதே வழி. ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். சிம்மத்தில் என்றால் மகத்தின் சுற்றுவட்டாரம், ரிஷபத்தில் என்றால் ரோகிணியின் சுற்றுவட்டாரம். அங்கே எல்லா நட்சத்திரத்தையும் விடப் பிரகாசமாக, மின்னாமல் ஒன்று நின்றால் குருதான். குரு சூரியனை ஒட்டி வரும் ஒன்றிரண்டு மாதம் மட்டும் தேடிப் பயனில்லை.

ரெண்டாம்_ஷிஃப்ட்:

எல்லாரும் சாயங்காலத்தைப் பத்தியே பேசுறீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு விடியக்காலையில கேப்ல இறங்குற ஆளுங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்காக.

தேய்பிறை நிலா நம்ம ஆளு. அஷ்டமிக்கு மேல விடியக்காலை அஞ்சு மணிக்குத் தலைக்கு மேலயோ கிழக்கேயோ நிக்கும். அமாவாசைக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி கிழக்குல மெல்லிசா பிறை வரும். அதோட இருட்டுப் பக்கமும் லேசாத் தெரியும். பூமியில பட்ட வெயில் திரும்பிப் போய் நிலாவுல விழுது, அதான். சாயங்கால ஆளுங்களுக்கு இதே காட்சி மூணாம் பிறையில கிடைக்கும். தாள்லயே 'சந்திர தரிசனம்'னு போட்டிருப்பாங்க. அஸ்தமனம் முடிஞ்சு அரை மணி, முக்கால் மணிக்குள்ள மேற்கே பார்த்துடணும், அன்னைக்கு மட்டும் ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து பாருங்க. சென்னையில நவம்பர் கடைசியில 5.40 வாக்குல அஸ்தமனம், ஜூலையில 6.40 வாக்குல.

மார்கழி பின்பாதியில காலை அஞ்சு மணிக்கு ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க. உச்சியை ஒட்டி மேற்கே மகம், கிழக்கே சித்திரையும் சுவாதியும், தெற்கே ஒன்றரை முஷ்டி உயரத்துல தென்சிலுவைங்கிற சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம். இதே தென்சிலுவை ராத்திரி ஒன்பது மணிக்கு வேணும்னா மே நடுவுல வரைக்கும் காத்திருக்கணும். அப்பவும் ரெண்டு முஷ்டிக்குக் கீழதான் இருக்கும், வெயில் கால மூட்டம் வேற.

இன்னொண்ணு, சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து. நம்ம தரையில இருட்டு, அதுக்கு மட்டும் வெயில், இப்படி அமையுற நேரத்துலதான் தெரியும். அதனால அஸ்தமனத்துக்குப் பின்னாடி ரெண்டு மணி நேரம், இல்ல உதயத்துக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம். ஒன்பது மணி ஆளுக்கு வார நாள்ல சிக்காது. நாசாவோட 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' ஆப்ல ஊரைக் கொடுத்தா நேரமும் திசையும் வரும். அதிகபட்ச உயரம் 40 டிகிரிக்குக் கீழ இருக்கிறதை விட்டுடுங்க, பக்கத்து அபார்ட்மென்ட் மறைச்சுடும். சில நாள் தொடர்ச்சியா வரும், அப்புறம் கொஞ்ச நாள் காணாமப் போகும், ஆப் கெட்டுடுச்சுன்னு நினைக்காதீங்க. மின்னாது, சிவப்பு பச்சை விளக்கு கிடையாது, சத்தம் கிடையாது. அஞ்சாறு நிமிஷம் நிதானமா வானத்தைக் கடக்கும். சாயங்காலமா இருந்தா பாதி வழியில மங்கி மறையும். மேகமெல்லாம் இல்லை, பூமியோட நிழலுக்குள்ள போயிடுச்சு. ரூம்ல இருக்கிறவங்களையும் கூப்பிட்டுக் காட்டுறதுக்கு இதை விட நல்ல ஐட்டம் கிடையாது, சொன்ன நிமிஷத்துக்கு வந்து நிக்கும்.

50_மிமீ:

பைனாகுலர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் வெறும் கண்ணால் பாருங்கள், பிறகும் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தால் வாங்குங்கள். அலமாரியில் தூங்குபவை பெரும்பாலும் முதல் வாரத்தில் வாங்கியவை.

எண்ணின் பொருள்: 10×50 என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் வில்லை 50 மில்லிமீட்டர். 50-ஐப் பத்தால் வகுத்தால் 5. கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டர். 7×50-ல் அது 7 மில்லிமீட்டர். கிராமத்து இருட்டுக்கு அது சரி, சென்னையில் வானத்தின் வெளுப்பையும் சேர்த்து அள்ளி வரும். ஆகவே 10×50. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் கனம் பிடிக்காதவர்களுக்கும் 8×42. இருபது மடங்கு, முப்பது மடங்கு, ஜூம் வகை, மாணிக்கச் சிவப்பில் வில்லை மின்னுகிற வகை, எதையும் தொடாதீர்கள். மடங்கு கூடும்போது கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும், நிலவு கூத்தாடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணின் படமும் ஒன்றாகச் சேராமல் இரட்டையாகத் தெரிந்தாலோ, சேர்ந்தாலும் கண் இழுத்துப் பிடிப்பது போல இருந்தாலோ, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே குழல்கள் இணையாக இல்லை, வீட்டில் சரிசெய்ய முடியாது. இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் தேதிக்குள் இதைச் செய்யுங்கள்.

குவியம் வைக்கும் வரிசை முக்கியம். வலது முன் வில்லையை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை சக்கரம் மட்டும் போதும். வாங்கிய பலர் இதைச் செய்யாமலேயே 'மங்கலா இருக்கு' என்று முடித்துவிடுகிறார்கள்.

நின்றுகொண்டு பிடித்தால் 10×50 ஆடும். முழங்கைகளைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றுங்கள். உயரத்தில் உள்ளதைப் பார்க்கப் பாய் விரித்துப் படுப்பதே சிறந்த வழி, கழுத்தும் வலிக்காது.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் நிலவுக்கே, ஆனால் பௌர்ணமியன்று அல்ல. அன்று வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் பள்ளங்களின் நிழல் நீளும். பஞ்சமி, சஷ்டி வாக்கில் தியோஃபிலஸ், சிரில்லஸ், கேத்தரினா என்ற மூன்று பள்ளங்கள் வரிசையாகக் கிடைக்கும். நவமி, தசமியில் கோப்பர்நிக்கஸ். அதே கோடு மறுநாள் நகர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு இரவும் வேறு நிலம் தெரியும். குருவைக் கையை நன்றாக ஊன்றிப் பார்த்தால் இருபக்கமும் ஒரே நேர்கோட்டில் சிறு புள்ளிகள், அதிகபட்சம் நான்கு. 1610-ல் கலிலியோ கண்ட அதே நான்கு துணைக்கோள்கள்தான். நாளைக்கு வரிசை மாறியிருக்கும். சனியின் வளையம் இதில் தெரியாது, யாராவது தெரியும் என்று விற்றால் நம்ப வேண்டாம். மார்ச் மாதம் ஒன்பது மணிக்கு உச்சியில் பூசம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் பைனாகுலர் வைத்தால் ஒரு நட்சத்திரக் கொத்து.

சூரியன் மறைவதற்கு முன் பைனாகுலரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள், ஒரு நொடி சூரியன் குறுக்கே வந்தாலும் கண் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பீரோவில் துணிக்கு நடுவில் வேண்டாம். வேட்டி நுனியால் துடைப்பதும் கூடாது, முதலில் தூசியை ஊதிவிட்டுத்தான் துணி.

கடைசியாக, பைனாகுலரோடு இரவில் மாடியில் நிற்கும் மூன்று இளைஞர்களைப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள். வாங்கிய அன்றே ஹவுஸ் ஓனரிடம் சொல்லி, அவர் வீட்டுக் குழந்தைகளுக்கு நிலவைக் காட்டிவிடுங்கள். பத்து மணிக் கதவு பதினொன்றாகவும் வாய்ப்பு உண்டு.

மூணாவது_மாடி:

கடைசி பாயின்ட் தங்கம். நிலா இல்லாத பாதி மாசத்துக்கு என்ன பண்றது? எல்லா நட்சத்திரமும் கத்துக்கணும்னா அது இன்னொரு கோர்ஸ் மாதிரி ஆயிடும்.

தினத்தாள்:

மாதத்துக்கு ஒன்று போதும், அதற்கு மேல் கற்றுக்கொள்ளாதீர்கள். எல்லாமே இரவு ஒன்பது மணிக் கணக்கு. ஜனவரியில் ரோகிணி உச்சியில், சற்று மேற்கே கார்த்திகை. பிப்ரவரியில் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம். சிரியசுக்கு அடுத்து இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் இது. டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தோடு ஒட்டித்தான் தெரியும், நமக்குத் தாராளம். மார்ச்சில் மிதுனத்தின் இரட்டை நட்சத்திரங்கள். ஏப்ரலில் மகம். இதை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன்: சென்னையின் அட்சரேகை 13 டிகிரி, மகம் வான நடுக்கோட்டிலிருந்து (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் இருக்கும் கோடு) கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒன்பது மணிக்குப் பாயில் மல்லாந்து படுத்தால், கண்ணுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே, சுமார் ஒரு டிகிரி வித்தியாசத்தில் நிற்கும். மே மாதம் சித்திரை, ஜூனில் சுவாதி, ஜூலையில் தெற்கே கேட்டை, செப்டம்பரில் இருபுறமும் ஒவ்வொரு மங்கல் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு திருவோணம். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை மழை என்ன விடுகிறதோ அது.

எழுதி வைக்க ஆசையிருந்தால் அன்று கிழித்த தாளின் பின்பக்கமே போதும். பக்கத்துக் கட்டடத்தின் விளிம்பை ஒரு கோடாக இழுத்து, ஒன்பது மணிக்கு நிலவு எங்கே என்று ஒரு புள்ளி. மாடியில் ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து மூன்று இரவு செய்தால் நகர்வு தாளில் வந்துவிடும். நான்காவது நாள் மறந்துபோனால் ஒன்றும் குடிமுழுகாது. போன் கேமராவில் எடுக்கப் போகாதீர்கள். நிலவு வெள்ளைப் புள்ளியாக வரும், பத்து நிமிடமும் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

கடற்காற்று:

மழைக்காலத்தைச் சும்மா தள்ளிடாதீங்க. ரெண்டு நாள் கொட்டி விட்ட இரவுலதான் தூசி அடங்கி, வருஷத்துலயே தெளிவான வானம் கிடைக்கும். மேகம் பிளக்குற அரை மணி நேரம் போதும். தரை வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போடுங்க.

பௌர்ணமி உதயத்தை நீலாங்கரைக் கடற்கரையில பார்க்கணும்னா மறுநாள் போங்க. பௌர்ணமியன்னைக்கு அஸ்தமனமும் நிலா உதயமும் கிட்டத்தட்ட ஒரே நேரம், வானம் வெளிச்சமா இருக்கிறதால நிலா வெளிறித் தெரியும். மறுநாள் 50 நிமிஷம் கழிச்சு இருட்டுல ஆரஞ்சா ஏறும். பெருசாத் தெரியுதேன்னு தோணினா நீட்டின கையில சுண்டுவிரலை வச்சுப் பாருங்க. விரல் அகலத்துல பாதிதான் இருக்கும், உச்சிக்கு ஏறின பிறகும் அதே பாதிதான்.

ரெண்டாம்_ஷிஃப்ட்:

பகல்ல மாடி கிடைச்சா வருஷத்துக்கு ரெண்டு நாள் நிழலில்லா நாள் இருக்கு, அதையும் சேர்த்துக்குங்க. சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்குல மதியம் 12.07, ஆகஸ்ட் 18 வாக்குல 12.13. சூரியன் நேர் உச்சிக்கு வரும், செங்குத்தா நிக்கிற எதுக்கும் பக்கவாட்டு நிழல் விழாது. தண்ணி பாட்டிலை நிக்க வச்சுப் பார்க்கிறவங்க ஏமாந்துடுவாங்க, ஏன்னா மாடித் தளம் மழைத்தண்ணி வடியுறதுக்காகச் சரிவா இருக்கும், பாட்டிலும் சாஞ்சுதான் நிக்கும். துணி காயப்போடுற கொடியில ஒரு நூலைக் கட்டி நுனியில நட் ஒண்ணைத் தொங்கவிடுங்க. சரியான நேரத்துக்கு நூலோட நிழல் முழுக்க நட்டோட நிழலுக்குள்ள போயிடும். அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க, நிழல் வேகமாச் சுருங்கும். அன்னைக்கு மேகம் மறைச்சா மறுநாளும் பார்க்கலாம், வித்தியாசம் மூணுல ஒரு டிகிரிதான்.